கடைசி அத்தியாயம் சுகுணா அக்காவிடம்

ஏற்காட்டில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கொலைக்கதை படித்துக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தைய அத்தியாயம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டைதான் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். உப்பள முதலாளியைக் கொன்றது அவருடைய டாக்டர்தான் என்று முடிவுகட்டி, ஊருக்குத் திரும்பியதும் சுகுணா அக்காவிடம் அதைச் சொல்லி இந்தத் தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் கோபிநாத்திடமிருந்து போன் வந்தது.

"அக்கா போயிட்டாங்க சேகர். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவங்க, எழுந்திரிக்கல."

என் வாயிலிருந்து முதலில் வந்தது, "அப்ப கடைசி அத்தியாயம்?" என்ற கேள்வி. வேறு யாராவதாக இருந்தால் போனை வைத்திருப்பார்கள். கோபிநாத்திடமும் முடிவில்லாத ஒரு புத்தகம் இருந்தது. "நானும் அதைத்தான் நினைச்சேன்யா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன்.

ஜீடிமெட்லா கம்பெனி பஸ்ஸில் அக்காவோடு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா சிகந்தராபாத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மென்ட் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நானும் கோபிநாத்தும் பிழைப்புக்காகப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். மாத்திரை தயாரிக்கும் எங்கள் கம்பெனியில் அவர் சாம்பிள் அறையைப் பார்த்துக்கொண்டார். கோடை விடுமுறை, தசரா, சங்கராந்தி என்று யார் ஊருக்குக் கிளம்பினாலும் படிக்கப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கொலைக்கதை என்றால் கடைசி அத்தியாயத்தை மட்டும் நறுவிசாக அறுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வார். திரும்பி வந்ததும் திருமுல்கேரியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய், கொலைகாரன் யார் என்று நாம் முதலில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அத்தியாயமும், அவர் கையால் செய்த டபுள் கா மீட்டா என்ற ரொட்டி இனிப்பும் கிடைக்கும். தப்பாகச் சொன்னால் அத்தியாயத்தோடு ஒரு சமையல் புத்தகமும் வரும். கண்ணை மூடிக்கொண்டு அவர் எந்தப் பக்கத்தைத் திறக்கிறாரோ, அதைச் சமைத்துக்கொண்டு வர வேண்டும்.

நான் இன்று சுமாராகச் சமைக்கிறேன் என்றால் என் துப்பறியும் மூளை எவ்வளவு லட்சணம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்று ஒருமுறை பஸ்ஸில் கேட்டேன். அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடை போடுவார்களே, அங்கே புதுக் கல்யாணப் பெண்ணாக ஒரு நாவல் வாங்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருக்கிறார். படித்துக்கொண்டே போனால் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. அந்த நாத்தனாரோடு அதுவரை பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முடிவு தெரியாத ஆத்திரத்தில் கதையை அவரிடம் சொல்ல, அவர் ஒரு ஆளைச் சொல்ல, இவர் மறுக்க, மாமனார் நடுவில் புகுந்து வேறொரு ஆளைச் சொல்ல, விடுமுறை முழுக்க வீட்டில் அதே பேச்சாம். "அது மாதிரி ஒரு லீவு எனக்குக் கெடச்சதே இல்லை சேகரு. முடிவு கெடச்சிருந்தா புஸ்தகம் பொட்டிக்குள்ள போயிருக்கும். கெடைக்கல, வீடு பூரா பேசிச்சு" என்றார்.

அவருடைய வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது. கம்பெனியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பேட்ச் மாத்திரையிலும் கொஞ்சம் எடுத்துப் பெயர் ஒட்டி இங்கேயே பத்திரமாக வைத்திருப்பார்கள். நாளைக்கு யாராவது குறை சொன்னால் எடுத்துப் பார்க்க வேண்டுமே. அக்கா நாவல்களையும் அப்படித்தான் நடத்தினார். அறுத்த அத்தியாயத்தை நூலால் கட்டி, புத்தகத்தின் பெயரையும் வாங்கியவர் பெயரையும் ஒட்டி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். "சரக்கு வெளிய போனா கொஞ்சம் நம்ம கிட்ட நிக்கணும். இல்லேன்னா எதுக்குத் திரும்பி வருவாங்க?" என்பார்.

புத்தகம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விசாரணை நடக்கும். ரயிலா, காரா? சொந்த ஊரா, மாமியார் ஊரா? வீட்டில் யார் யார் இருப்பார்கள்? மாமியார் வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் குட்டிக் குட்டி அத்தியாயங்கள் உள்ள புத்தகம், ஏனென்றால் நடுநடுவே கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு வெயிலில் நடக்கிற கொலை. நிறைய உறவினர்கள் கூடும் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஆளே இல்லாத தீவு. தனியாக இருக்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஆள் நிறைய உள்ள கதை. "அங்க பேச ஆள் இருக்காதில்ல. புஸ்தகத்துக்குள்ளயாவது நாலு பேர் சண்டை போடட்டும்" என்பார்.

என் மனைவி ரேவதி ஒரு மே மாதம், "எனக்குக் கொலையெல்லாம் வேண்டாம் அக்கா, ராத்திரி பயமா இருக்கும்" என்றாள். அக்கா ஒரு தடித்த சமையல் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ரேவதிக்குக் கோபமே வந்துவிட்டது. வருஷம் பூரா அடுப்படியில் நின்றுவிட்டு அம்மா வீட்டுக்குப் போவதே சமைக்காமல் இருக்கத்தான்; அங்கேயும் இதுவா என்றாள். "ஹவ், ஆமா, அதுக்குத்தான் தர்றேன். சமைக்கிற நாள்ல படிச்சா அது வேலை. சமைக்காத நாள்ல படிச்சா அது கதை" என்றார் அக்கா. ரேவதி அதை அவள் அம்மா வீட்டு ஊஞ்சலில் படுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். நடுவில் என்னை எழுப்பி, "இந்தக் குருமாவுல கசகசாவை எப்பப் போடறாங்க பாருங்க" என்று ஏதோ திருப்புமுனை வந்துவிட்டது போல வாசித்துக் காட்டினாள். திரும்பி வந்ததும், "இதுக்குக் கடைசி அத்தியாயம் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். "உன் வயித்துல" என்றார் அக்கா.

நான் முதன்முதலில் தோற்றபோது எனக்கு விழுந்த பக்கம் பகாரா பைங்கன். எண்ணெயில் முழுக் கத்திரிக்காய் குளிக்க வேண்டிய பண்டம் அது. நான் செய்ததில் காம்புகள் மட்டும்தான் அடையாளம் தெரிந்தன. டப்பாவைத் திறந்து பஸ்ஸில் சுற்றுக்கு விட்டேன். டிரைவர் யாதகிரி எட்டிப் பார்த்துவிட்டு, "வங்காயனி சம்பிந்தி மீரேனா சாரூ?" என்றார். கத்திரிக்காயைக் கொன்றது நீங்கள்தானா என்று கேட்கிறார். பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு யோசித்து, "புளி சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த விடுமுறையிலும் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நிஜமாகவே தோற்றேன்.

கோபிநாத் கதை இதைவிடப் பிரமாதம். ஒருமுறை டப்பாவில் கட்டுகள் மாறிப்போய், வேறொரு நாவலின் கடைசி அத்தியாயம் அவர் கைக்குப் போய்விட்டது. மனிதர் வீட்டுக்குப் போய் அனுபவித்துப் படித்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் பெயர் மாறியிருந்ததை மாறுவேஷம் என்று எடுத்துக்கொண்டாராம். மதுரையில் நடந்த கதை திடீரென்று கப்பலில் முடிந்ததும்தான் லேசாகச் சந்தேகம் வந்திருக்கிறது. மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அக்காவிடம் முறையிட்டார். "முடிவு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் அக்கா. "நல்லாத்தான் இருந்துச்சு." "அப்ப வெச்சுக்கோ, மாத்தினா கெட்டுப்போயிடும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்றவர்களிடம் இவ்வளவு கறாராக இருந்தவர் தன் விஷயத்தில் எப்படி என்று எனக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸில் அவரோடு புத்தகம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குவியலுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய நாவல் கிடைத்தது. நாத்தனார் வீட்டில் முடிவில்லாமல் நின்றுபோனதே, அதுதான். முழுசாக இருந்தது. நான் கத்தாத குறை. அக்கா அதைக் கையில் வாங்கினார், அட்டையைத் தடவினார், எடுத்த இடத்திலேயே செருகிவிட்டார்.

"ஊருக்குத்தான் உபதேசமா அக்கா? பாருங்க, யாருன்னு!"

"நக்கோ சேகரு, வேண்டாம். எங்க நாத்தனா இன்னும் அந்தச் சித்தப்பாதான்னு சொல்றாங்க, நான் வக்கீல்ங்கறேன். போன் எடுத்தாலே சண்டை. இது தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் அவங்ககிட்ட என்ன பேசறது?"

எனக்கு அவரை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்காவின் கணவர் தேவராஜ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புத்தகம் பக்கமே போகமாட்டார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் அத்தியாயம் அறுக்கும் பிளேடு அவர் செய்ததுதான். ஹேக்ஸா பிளேடின் துண்டைத் தீட்டி, மரப்பிடி போட்டு, கல்யாண நாளுக்குப் பரிசாகக் கொடுத்தாராம். "மத்தவன் பொண்டாட்டிக்குப் புடவை எடுத்துக் குடுப்பான். இவ கத்தி கேட்டா" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கருமாதி அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எங்களில் சிலர் கைப்பையில் புத்தகம் இருந்தது. அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது. அண்ணனே எழுந்துபோய் அலமாரி மேலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை இறக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். நான் கை நீட்டினேன். அவர் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா எடுத்துட்டுப் போகக் கூடாது. அவ ரூல் ரூல்தான். சொல்லு, யாரு?"

பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் அருண் எங்களை விநோதமாகப் பார்த்தான். "டாக்டர்" என்றேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் பெயர் ஒட்டியிருந்த கட்டைப் பிரித்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் தாண்ட எவ்வளவு நேரம்! கடைசியில் நிமிர்ந்தார்.

"டாக்டர் இல்ல. டாக்டருக்கே அடுத்து விஷம் வெச்சிருக்கா பாவி. சமையக்காரம்மா!"

படத்துக்கு மாலை போட்டிருந்த அந்தக் கூடத்தில் சிரிப்பு வெடித்தது. சமையலறையிலிருந்து பெண்கள் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விழுந்தது மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்து எடுத்துக்கொண்டு போனேன். "அவ செய்யற மாதிரி இல்ல" என்றார். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். அருண் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்கிறான். அருண் சொல்வதில் தப்பில்லை. அப்பா தனியாக இருந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு கேட்கும்? ஆனால் அந்தக் கதவைப் பூட்டிவிட்டால், ஊரிலிருந்து திரும்பி யார் வீட்டுக்குப் போய் நாங்கள் தோற்பது?

பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முன் அண்ணன் என்னிடம் டப்பாவையும் பிளேடையும் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார். "எல்லாருக்கும் லீவுக்குக் குடுத்தா. எனக்குக் குடுத்ததில்ல, நானும் கேட்டதில்ல. ஒண்ணு பாத்துக் குடேன்பா."

"ரயிலா, காரா?" என்றேன்.

"அருண் கார்ல."

"வீட்ல யார் யார் இருப்பாங்க?"

"அருண், மருமக, பேரன். பகல்ல யாரும் இருக்க மாட்டாங்க."

அபிட்ஸுக்குப் போய் ஒரு நாவலைத் தேடிப் பிடித்தேன். பெரிய எழுத்து. ஒரு கல்யாண வீடு, வீடு கொள்ளாத சொந்தபந்தம், பந்தியிலேயே சண்டை, மறுநாள் காலையில் கொலை. அக்கா பார்த்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பார். வீட்டில் மேஜை மேல் வைத்துப் பிளேடை எடுத்த பிறகு கை நகரவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மனிதர், வாழ்க்கையில் முதல் புத்தகம் கேட்டிருக்கிறார். அதையுமா முடமாக்கிக் கொடுப்பது? ரேவதி பக்கத்தில் வந்து நின்று, "அறுங்க. முழுசாக் குடுத்தா அவர் அங்கேயே இருந்துடுவாரு" என்றாள். அறுத்தேன். நூல் கட்டி, பெயர் ஒட்டி, டப்பாவில் போட்டேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து போன். அண்ணன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சேகரு, முடிச்சுட்டேன்பா. பேரனுக்கும் படிச்சுக் காட்டினேன், அவன் தாய்மாமாங்கறான். மருமகளும் ஏதோ சொல்றா. பெரிய மாப்பிள்ளைதானே? சொல்லித் தொலை."

"நக்கோண்ணா" என்றேன். நான் தஞ்சாவூர்க்காரன், இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த வார்த்தை என் வாயில் அதுவரை வந்ததில்லை. "போன்ல கிடையாது. நீங்க இங்க வந்து வீட்டுக் கதவைத் திறங்க, நான் டப்பாவோட வர்றேன்."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. அதற்குப் பின்னால், "அப்பா, எந்த தேதிக்கு டிக்கெட்?" என்று அருண் கேட்பதும் கேட்டது.

அக்காவை அறிந்தவர்களே, அவருடைய டப்பாவும் பிளேடும் அந்த ஒரு வார்த்தையும் இப்போது என்னிடம் இருக்கின்றன. தசராவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்து சேர வேண்டிய இடம் அதே திருமுல்கேரி வீடுதான். வாடகைக்கு விடும் பேச்சை அண்ணன் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கொலை செய்தது பெரிய மாப்பிள்ளை இல்லை. சமையல் புத்தகத்தைத் தூசு தட்டி வைத்திருக்கிறேன். அண்ணன் இதுவரை அடுப்பே பற்றவைத்ததில்லை.