அரிசி டிரம்முக்குள் பெத்தாங் குண்டுகள்

நான் வாய்க்காரி என்பது ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் இவர்தான். ஆபீஸ் விட்டு வந்தால் அந்தக் கட்டில்தான். பென்ஷனுக்காக, பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் சான்றிதழ் வாங்கி அனுப்பினோம். அவருடைய மகன் எப்படி இருக்கிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இவருக்கு இருந்த ஒரே ஆறுதல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பெத்தாங் ஆடுவது. சின்ன மர உருண்டை ஒன்றை எறிந்துவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதற்குப் பக்கத்தில் விழுகிறது என்று பார்க்கும் ஆட்டம். தோற்ற கட்சி எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கித் தர வேண்டும். அந்தப் பன்தான் என் கண்ணை உறுத்தியது.

ஏனென்றால், மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு இவருடைய சர்க்கரை தாறுமாறாக ஏறியது. மாத்திரை கொடுத்தேன், சோற்றைக் குறைத்தேன். இறங்கவில்லை. தினமும் காலையில் விரலைக் குத்தி மிஷினில் பார்ப்பேன். நம்பர் வந்ததும் ஆரம்பிப்பேன்.

“எங்க போய் திருட்டுத்தனமா தின்னுட்டு வர்றீங்க?”

“ஒண்ணும் திங்கலடி.”

“அப்ப என்ன, காத்துலயா ஏறுது?”

சட்டைப் பையைத் துழாவினேன். எதுவும் அகப்படவில்லை. சரி, மைதானத்துப் பன்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, குண்டுகள் மூன்றையும் பையோடு அரிசி டிரம்மின் அடியில் புதைத்தேன். தேடினார். “எனக்கென்ன தெரியும்?” என்றேன். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். சவரம்கூடச் செய்வதில்லை. வீம்பு என்று நினைத்தேன், பாவி நான்.

ஒரு வருஷம் போயிற்று. பார்வை மங்குகிறது என்றார். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. சர்க்கரை டாக்டரம்மா என்னிடம்தான் முதலில் கேட்டார்: “தூங்குறாரா? யார்கிட்டயாவது பேசுறாரா?”

“என்னத்தைத் திருட்டுத்தனமா திங்குறாருன்னுதான் தெரியல டாக்டர்” என்றேன்.

“தின்னுதான் ஏறணும்னு இல்லம்மா. வருஷக்கணக்கா மனசு இறுகியே கிடந்தா, உடம்புல சில ஹார்மோன் ஏறியே நிக்கலாம். அது சர்க்கரையையும் ஏத்தலாம், மனசையும் சோர்வுல தள்ளலாம். சோர்ந்தவரு நடக்க மாட்டாரு, சர்க்கரை இன்னும் ஏறும். மனசுக்கும் சேத்து வைத்தியம் பாக்கணும். வெளிய போவாரா?”

“பெத்தாங் ஆடுவாரு” என்றேன். ஆடினார் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அரிசிக்குள் கையை விட்டுக் குண்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

“அங்க இருக்குன்னு தெரியும்” என்றார்.

“அப்புறம் ஏங்க எடுக்கல?”

“எடுத்தா நீ கத்துவ.”

இப்போது மனசுக்கும் மருந்து சாப்பிடுகிறார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன பார்வை திரும்பவில்லை. ஞாயிறுதோறும் நானே கூட்டிப் போகிறேன். முதல் நாளே அவருடைய கூட்டாளி ஒருவர், “அண்ணன் பன்னைத் தொட்டதே இல்ல அண்ணி, எங்க புள்ளைங்களுக்குக் குடுத்துடுவாரு” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

தன் முறை வந்தால் குண்டைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்புவார்.

“உருண்டை எங்கடி கிடக்கு?”

“கொஞ்சம் இடது பக்கம். இருபதடி இருக்கும்” என்பேன்.

பல தடவை தப்பாகச் சொல்லிவிடுகிறேன். அவர் அடுத்த குண்டையும் நான் சொல்கிற பக்கமே போடுகிறார்.