சிவப்புப் புள்ளி வைத்த எட்டு போல்ட்டுகள்

மாமல்லபுரத்துக்கு வெளியே என் மெக்கானிக் ஷெட். ஒருகாலத்தில் என்னோடு அங்கே வேலை பார்த்தவன் செங்கல்பட்டில் தனியாகக் கடை போட்டுவிட்டான். போனால் போகட்டும். ஆனால் எட்டு வருஷமாக என்னிடமே வண்டியை விட்டுவந்த சிறுசேரி கேப் டிரைவர், போன மாதம் திருக்கழுக்குன்றம் தாண்டிப் போய் அவனிடம் கிளட்ச் மாற்றிக்கொண்டு வந்தார். அதை என்னிடமே வந்து சொல்லவும் செய்தார்.

"அவன் போல்ட்டு முடுக்குறத பாக்கணும்ணே! ஒவ்வொண்ணா முடுக்கிட்டு, முடுக்கியாச்சுன்னு அடையாளத்துக்கு பொண்டாட்டியோட நெயில் பாலிஷ எடுத்து செவப்பா ஒரு புள்ளி வெக்கிறான். சாமிக்குப் பொட்டு வெச்ச மாதிரி கீது."

அன்றைக்கு டீக்கடை அக்கா என்னைப் பார்த்து, "இன்னா மூஞ்சி, மொளகா அரைச்ச அம்மி மாதிரி கீது?" என்று கேட்டது. அதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

ஒரு வாரத்தில் அதே வண்டி என்னிடம் வந்தது. கியர் பாக்ஸ் பக்கம் கரகரவென்று சத்தம். "நாளிக்கு காலீல ஷிப்ட்டு கீதுண்ணே, முடிச்சிக் குடு" என்று விட்டுப்போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஃப்ளைவீல் போல்ட்டை லூசாக விட்டிருப்பான். அதைக் கழற்றி டிரைவர் கையில் வைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தரம் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கினேன், கிளட்ச்சைக் கழற்றினேன். இன்ஜின் முதுகில் ஃப்ளைவீல் என்கிற அந்தக் கனத்த இரும்புச் சக்கரம். நடுவில் வட்டமாக எட்டு போல்ட். எட்டிலும் சிவப்புப் புள்ளி.

முதல் போல்ட்டை நெம்பினேன். உடம்பு மொத்தத்தையும் கம்பியில் போட்ட பிறகுதான் அசைந்தது. புதுசு, சரியான நீளம், மரையில் பசையும் தடவியிருந்தான். சரி, இரண்டாவதில் மாட்டுவான் என்று பார்த்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது... எட்டாவதும் கழன்றபோது சக்கரம் என் மடியில் இருந்தது. குற்றம் மட்டும் கிடைக்கவில்லை.

சத்தம் போட்டது சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மெல்லிய தகடு. ஏதோ வேகத்தடையில் இடித்து வளைந்து உரசியிருக்கிறது. அடியிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இந்த போல்ட் முடுக்கும்போதே லேசாக நீளும். கழற்றினால் திரும்பப் போடக் கூடாது. நாலு கடைக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாளாவும்" என்றார்கள். கையிருப்பு வைத்திருக்கும் ஒரே ஆள் யாரென்று எனக்குத் தெரியும். செங்கல்பட்டுக்குப் போய் அவன் எதிரில் நின்றேன்.

"ஃப்ளைவீல் போல்ட்டு வேணும்."

"எத்தினி அண்ணாத்த?"

"எட்டு."

என் கையிலிருந்த பழைய போல்ட்டையும் அதன் புள்ளியையும் பார்த்தான். "எல்லாத்தையுமா கழட்டுன? ஒண்ணாவது லூசா இருந்துச்சா?"

"இல்ல."

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "எதிரெதிரா முடுக்கு அண்ணாத்த" என்று கத்துக்குட்டிக்குச் சொல்வதுபோல எனக்கே சொல்லி, புது போல்ட்டுகளோடு அந்த நெயில் பாலிஷ் பாட்டிலையும் கொடுத்தான்.

முடுக்கினேன். புள்ளியும் வைத்தேன். காலையில் டிரைவர் வந்தார்.

"இன்னாண்ணே, அவன் லூசா வுட்டுட்டானா?"

'ஆமாம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல. தகடு வளஞ்சி கெடந்துச்சு. அவன் முடுக்குனது நல்லாத்தான் இருந்துச்சு."

"அதான பாத்தேன். அவன் கையே கை!" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பாட்டிலை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன். பச்சை.