அம்மனுக்கு நேர்ந்த உப்பு

நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு வேர்த்துக் கொட்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் இந்த வயதில் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, தலை இடித்து, புடவை நனைந்தபோதும் கூச்சம்தான் என்று இருந்துவிட்டேன். டெல்லி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி. பயந்தால் உடம்பில் சுரப்பதை அது காரணமே இல்லாமல் சுரந்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்ததாம்.

அதை எடுக்க வேண்டும், ஆனால் உடனே முடியாது என்றார் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. கட்டியில் கை பட்டால் பிரஷர் எகிறும், எடுத்ததும் தடாலென்று விழும். அதற்கு உடம்பைத் தயார் செய்ய மாத்திரை கொடுத்தார். மாத்திரை ரத்தக் குழாயைத் தளர்த்தும், தளர்ந்த குழாய் நிரம்பத் தண்ணீரும் உப்பும் வேண்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று இந்தியில் சொன்னார். மகள் அதையே தமிழிலும் சொன்னாள்.

பிரஷர்காரிக்கு உப்பா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. அதுவும் போக, கட்டி என்று கேட்ட அன்றே, ஆபரேஷன் முடிகிறவரை உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். நேர்ந்ததை வெளியே சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மகள் டெல்லியிலேயே துவாரகா பக்கம் வீட்டு வேலைக்குப் போன பிறகு வெறும் சோற்றில் தயிரை விட்டுச் சாப்பிடுவேன். சாயங்காலம் அவள் கேட்டால் தலையை ஆட்டிவைப்பேன்.

மறுபடி போனபோது படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார்கள், பிறகு நிற்கச் சொன்னார்கள். நின்றதும் கண் இருட்டியது. மகள் தாங்கிக்கொண்டாள். உடம்பில் நீரே நிற்கவில்லை, இப்படியே அறுத்தால் விழுகிற பிரஷரைத் தூக்க முடியாமல் போகலாம், உயிருக்கே ஆபத்து, தேதியைத் தள்ளத்தான் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, சச் சொல்லு, உண்மையச் சொல்லு. உப்பு போட்டுக்கறியா, இல்லியா?"

"ஆத்தாளுக்கு வேண்டியிருக்கேன்," என்றேன், தரையைப் பார்த்து.

திட்டு விழும் என்று நினைத்தேன். மகள் இந்தியில் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா, தன் மாமியாரும் நவராத்திரி விரதத்துக்கு இப்படித்தான் உப்பை விட்டுவிடுவார் என்றார். பிறகு, "அம்மாஜி, உங்கள் தேவிக்கு வேறு எதுவுமே பிடிக்காதா?" என்று கேட்டார்.

யோசித்தேன். "உப்பும் மிளகும் கொட்டுவாங்க," என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். "அப்ப உன் உப்ப நீ தின்னு, அவ உப்ப அவளுக்குக் கொட்டு. ஹிசாப் பராபர், கணக்கு நேராயிடும்."

அன்றே உப்புப் போட்ட மோரை வயிறு முட்டக் குடித்தேன். உனக்கு உப்புக் கொட்டுகிறேன் என்று அம்மனிடம் மனசுக்குள் மாற்றிச் சொல்லிக்கொண்டேன். தள்ளிப்போட்ட தேதியில் ஆபரேஷன் நடந்தது. மணிக்கட்டில் ஊசி செருகி, துடிப்புக்குத் துடிப்பு பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். தொட்டதும் ஏறியது, மருந்து கொடுத்து இறக்கினோம், எடுத்ததும் விழுந்தது, ஆனால் பிடித்து நிறுத்த முடிந்தது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார்.

சில நாள் கழித்து என்னை எழுப்பி நிறுத்தினார்கள். கண் இருட்டவில்லை. சுற்றிலும் படிக்கிற டாக்டர்கள் கூட்டமாக நின்று என்னையே பார்த்தார்கள். நெற்றியில் வேர்த்தது. அவசரமாகப் பிரஷர் பார்த்தார்கள், சரியாகத்தான் இருந்தது.

மகள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.