பதினொன்றாவது போளி

சிலர் படித்துப் பெயர் வாங்குகிறார்கள், சிலர் பாடிப் பெயர் வாங்குகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் புனேவுக்குப் பக்கத்தில், போசரி தொழிற்பேட்டையில், நான் தின்று பெயர் வாங்கினேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. வேறு எதிலும் பெயர் கிடைக்காதவன் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். டிப்ளமோவைத் தவணை முறையில் முடித்தவன், இந்தி அரைகுறை, மராட்டி சுத்தமாக வராது. கம்பெனி வாசல் தள்ளுவண்டியில் ஒரே நிற்பில் ஒன்பது வடா பாவ் தின்று முடித்த அன்றைக்குத்தான் ஷெட்டில் இருந்தவர்கள் என் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எனக்குப் போட்டி என்று இருந்தவன் ஒரே ஒருவன். கட்கி கன்டோன்மென்ட் பக்கம் பல காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்கு வருவான். கட்கிக்காரன் என்றே கூப்பிடுவோம். வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். ஆனால் அவன் ஆரம்பிக்கிற தமிழ் வாக்கியம் பாதி வழியில் இந்திக்குத் தாவி, மராட்டியில் இறங்கி, திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். தமிழ் படிக்க ஓர் எழுத்துகூட வராது. ஆள் ஒல்லிக்குச்சி. ஒல்லியானவர்களைப் பந்தியில் நம்பக் கூடாது என்பதை அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே உலையைக் கட்டி மேய்த்தோம். பற்சக்கரங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் உலை. அதை அணைக்கவே கூடாது. எங்கள் ஷிஃப்டில் இருவரில் ஒருவர் எப்போதும் அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே யார் ஞாயிற்றுக்கிழமை வருவது, யார் ஏணியில் ஏறுவது என்று நாளுக்கு ஒரு வழக்கு. மற்றவர்கள் காசைச் சுண்டிப் போட்டுத் தீர்த்துக்கொள்வதை நாங்கள் வயிற்றில் போட்டுத் தீர்த்துக்கொண்டோம். மிசள் என்கிற காரப் பயறுக் குழம்பு, வாழைப்பழம், அவித்த முட்டை என்று பல துறைகள். முட்டையில் அவன் ஜெயித்தான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். அந்தப் போட்டியில் தோற்பது என்றால் என்ன என்று எனக்குத்தான் தெரியும். வாழைப்பழத்தில் அவன் கடைசிப் பழத்தில் பாதியைத் தோலுக்குள் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்து, அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்: தட்டில் விழுந்தது வயிற்றில் விழ வேண்டும், மிச்சம் வைத்தவன், அதுவரை எத்தனை தின்றிருந்தாலும், தோற்றவன். இவ்வளவு தெளிவான சட்டத்தை இயற்றிய எனக்குச் சிலை வைக்கவில்லையே என்றுதான் வருத்தம்.

பெரிய போட்டிகளுக்கு சிஞ்ச்வட் ஸ்டேஷன் அருகே ஒரு தாலி ஹால் இருந்தது. ஒரு கட்டணம், அளவில்லாத சாப்பாடு. இதைப் பெருமையாக ஊருக்கு எழுதினேன். "ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனோடு தாலிக்குப் போகிறேன், இங்கே தாலி மலிவு" என்று. எழுதும்போது எனக்கு அது தட்டுச் சாப்பாடு. திண்டுக்கல்லில் கடிதத்தைப் படித்த என் அம்மாவுக்கு அது மஞ்சள் கயிறு. பதில் கடிதத்தில் அம்மா கேட்டிருந்த முதல் கேள்வி, "பெண் என்ன ஆட்கள்?" விளக்கம் சொல்லி நான்கு கடிதங்கள் எழுதினேன். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்; ஆனாலும் எதற்கு வம்பு என்று கரூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். பத்து நாள் லீவு. பதினோராவது நாள் நான் உலை முன்னால் நின்றேன். வீடு பார்த்து அழைத்துப் போகும்வரை அவள் பிறந்த வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு.

பத்து நாளில் ஒருத்தியோடு என்ன பெரிதாகப் பழகிவிட முடியும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். புனேவுக்கு வந்த பிறகு அறையில் தனியாகச் சோறு வடிக்கும்போதுதான் தெரிந்தது. அவளுக்கு எதையும் பட்டென்று சொல்லும் வாய். அந்த வாய் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை. ஐப்பசியில் தலை தீபாவளி. கட்டாயம் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அவளும் வாரத்துக்கு ஒரு கடிதத்தில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி வாரத்தில் ஷெட்டை மூடுவார்கள், உலையை மூட மாட்டார்கள். ஃபோர்மன் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஒருவனுக்குத்தான் லீவு, யார் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களைப் பேசி முடிவு செய்யச் சொன்ன முதலும் கடைசியுமான மனிதர் அவர். கட்கிக்காரனுக்குக் கூட்டாளிகளோடு கோவா போக வேண்டும். நான் நியாயத்தை எடுத்துச் சொன்னேன்.

"டேய், எனக்கு இது தலை தீபாவளிடா."

அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். "அரே, அதுக்கு எதுக்கு ஊருக்குப் போறே? தலைக்கு எண்ணெ போட்டுக் குளிக்கிறதுதானே? இங்கேயும் எல்லாரும் அன்னிக்கு எண்ணெ போட்டுத்தான் குளிக்கிறான். நீயும் ரூம்லயே குளி."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் மனைவியை, மாமனார் வீட்டை, மொத்தத் தமிழ்நாட்டையும் ஒரு குளியலுக்குள் போட்டு நக்கல் அடிக்கிறான் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டியைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு மானம் தடுத்தது. தின்று தீர்ப்பதற்கு மட்டும் மானம் தடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வா. தட்டுல பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த ஞாயிறு ராத்திரி, ஷிஃப்ட் முடிந்து போனபோது, தாலி ஹாலில் புரண்போளி. நம் ஊர்ப் போளியின் அண்ணன்தான். அகலம் தட்டை நிறைக்கும், மேலே நெய்யை ஊற்றோ ஊற்றென்று ஊற்றுவார்கள். பரிமாறுகிற பெரியவர் வெள்ளைத் தொப்பியோடு ஒவ்வொரு தட்டின் முன்னாலும் குனிந்து ஏதோ கேட்பார். அவர் என்ன கேட்டார் என்று இத்தனை மாதத்தில் நான் கவனித்ததே இல்லை. வேண்டுமென்றால் தட்டைக் காட்டுவேன், வேண்டாமென்றால் கையால் மூடுவேன். என் மராட்டி இலக்கணம் அதோடு முடிந்தது.

ஐந்து வரை சிரித்துப் பேசித் தின்றோம். ஆறில் பேச்சு நின்றது. ஏழில் பெல்ட்டைத் தளர்த்தினேன். எட்டில் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. பூரணத்தின் ஏலக்காய் என்று சொன்னான். ஒன்பதை இருவரும் ஒரே நேரத்தில் முடித்தோம். பெரியவர் குனிந்தார். கட்கிக்காரன் தட்டின் மேல் கையை வைத்து, "புரே" என்றான். போதும் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும். எதிராளி வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வார்த்தை. நான் பத்தாவதை வாங்கினேன். அது தொண்டைக்குள் இறங்கியதா, நின்றதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் தட்டு காலியானது. பத்துக்கு ஒன்பது. கரூர் வண்டி கண் முன்னால் வந்து நின்றது.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கை கழுவ எழுந்தான். அத்தோடு நானும் எழுந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? தோற்ற முகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமே.

"எங்கடா ஓடுற? காலித் தட்டைப் பாத்துட்டுப் போ. வாடா! இங்க வாடா!"

கையையும் என் தட்டை நோக்கி வீசிக் கூப்பிட்டேன். பக்கத்து வரிசையில் நின்ற பெரியவர் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதை. விறுவிறுவென்று வந்து, ஒன்றுக்கு இரண்டாகப் போளியை என் தட்டில் வைத்து, நெய்யை வழிய ஊற்றி, "சாவகாஷ்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாவகாசமாகச் சாப்பிடும்படி ஆசீர்வாதம்.

கட்கிக்காரன் கை கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு. மூச்சு வந்ததும் சொன்னான்: "மராட்டில வாடான்னா பரிமாறு! அவரு இத்தனை நாளும் ‘வாடூ கா’ன்னு, பரிமாறட்டுமான்னுதான் கேக்குறாரு. நீ ரெண்டு வாட்டி வாடா சொன்னே, ரெண்டு வெச்சாரு."

நான் போளியைப் பார்த்தேன். பதினொன்றாவதைப் பிய்த்து ஒரு துண்டு வாயில் வைத்தேன். வைத்ததை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவளை நினைத்துக்கொண்டு இன்னொரு துண்டு. அதற்குமேல் என் உடம்பு கல்யாணத்தை மதிக்கவில்லை.

"ரூல் நீ போட்டது" என்றான். அதை மட்டும் சுத்தத் தமிழில் சொன்னான், பாவி.

மறுநாள் லீவுச் சீட்டு அவன் பெயரில் போனது. அதற்கும் மறுநாள் டீ நேரத்தில், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரே, ஒரு குளியலுக்கு எதுக்கு இவ்ளோ மூஞ்சி?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நக்கல் அடிக்கவே இல்லை. தலை என்றால் அவனுக்குத் தலை, அவ்வளவுதான். கல்யாணமாகி வரும் முதல் தீபாவளி, மாமனார் வீட்டில் வேட்டி வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள், போகாவிட்டால் ஊர் என்னவென்று கேட்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"கதே, இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" என்று இந்தியில் என்னைக் கழுதையாக்கிவிட்டு நேரே ஃபோர்மனிடம் போனான். சீட்டில் ஆபீஸ் கையெழுத்து ஆகிவிட்டது, இனி மாற்றக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் கரூருக்கு ஒரு கடிதம் எழுதினேன். "வேலை மிக அதிகம், வர இயலவில்லை, மன்னிக்கவும்." போளி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு மனிதன் உலையைக் காரணம் காட்டலாம். வயிற்றைக் காட்ட முடியுமா? முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, ஸ்டேஷன் பக்கம் தபாலில் போட்டுவிடு என்று கட்கிக்காரனிடமே கொடுத்தேன். சரி என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சனிக்கிழமை கிளம்பிப் போனான். கோவாவில் நன்றாக இருக்கட்டும் என்று மனதார, அதாவது பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்த்தினேன்.

தீபாவளியன்று உலை முன்னால் இருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போனேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சூட்டில் கண்ணீர் கன்னம் வரைக்கும் வராது, அது ஒரு வசதி.

அடுத்த ஞாயிறு காலை, அறைக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் கட்கிக்காரன். அவன் பின்னால் என் மாமனார், கையில் பலகார டின். அவருக்கும் பின்னால் அவள்.

அவன் கோவா போகவே இல்லை. கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை. அதில் இருந்த முகவரியைப் படித்துக்கொண்டு, ரயில் மாறி ரயில் ஏறி, தீபாவளிக்கு முதல் நாள் கரூரில் போய் இறங்கியிருக்கிறான். லீவை மாற்றத்தான் முடியாது, லீவில் இருப்பவன் உன் மாமனார் வீட்டுக்குப் போகக் கூடாது என்று எந்த ஆபீசும் சொல்லவில்லையே என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமனார், "தம்பி பலகாரம் நல்லா சாப்பிட்டாருங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் களைப்பு இருந்தது.

மாமனாரும் அவனும் டீக்கடைக்குப் போனதும் அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நான் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இருங்க. நான் சொல்லிடுறேன்" என்றாள். "வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வந்து நிக்கிறாரு. கையில உங்க எழுத்துல ஒரு கவரு. என்னைப் பாத்து, ‘உங்க ஹஸ்பண்ட் இனிமே வர மாட்டாரு’ன்னாரு."

இப்போது வரமாட்டார் என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த தமிழ் அதுதான்.

"எங்கம்மா போட்ட சத்தத்துல அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தமிழும் போயிருச்சு. வாயக் காட்டுறாரு, வயித்தக் காட்டுறாரு, போளி, போளிங்கறாரு. எதையோ தின்னு போய்ட்டீங்கன்னு நெனச்சோம். எங்கப்பா ‘எப்ப தம்பி எடுத்தாங்க’ன்னே கேட்டுட்டாரு. அக்கம்பக்கமெல்லாம் கூடிருச்சு. அப்பறந்தான் கவரைப் பிரிச்சேன். வேலை மிக அதிகம்னு போட்டிருக்கு. போளிக் கதைய அப்பறம் வண்டியில வர்றப்பதான் அவரு முழுசா சொன்னாரு."

அவள் பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து என் கையில் வைத்தாள்.

"உசிரோட இருக்கீங்கங்கற சந்தோசத்துல, பொய் சொல்லிருக்கீங்களேன்னு கோவப்பட மறந்துட்டேன். இப்ப ஞாபகம் வந்துருச்சு."