வெள்ளிக்கிழமைத் துணி

திலகாவுக்குச் சுத்தம் ஒரு நோய் என்று மலேசியாவில் செனாவாங் ஊர்க் கையுறைத் தொழிற்சாலையில் பேசிக்கொள்வார்கள். அவள் காதுபடவே பேசுவார்கள். “நான் தொடச்சா ஈ உக்காந்தாலும் வழுக்கும் லா” என்று அவளும் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

மம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். இன்றைக்கும் அங்கிருந்துதான் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறாள். அவள் அப்பா ரப்பர் ஷீட் உலர்த்தும் அடுப்புக்கு விறகு போட்டவர். கும்பிடாமல் நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கி, இங்கே பகல் ஷிப்டில் பாய்லர் ஓட்டுபவளான பிறகும் திலகா அதை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலாய்க்காரத் தொழிலாளிகள் தொழுகைக்குப் போவதால் உற்பத்தி லைன் நிற்கும். பாய்லரையும் நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில்தான் திலகா வாராந்தரச் சுத்தம் செய்வாள். பாய்லர் அறைக்கு வெளியே சுவரில் ஒரு முருகன் படம் உண்டு. திரி திரித்து, நல்லெண்ணெய் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, இடுப்பில் செருகிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். பர்னர் மூடியைத் திறந்து ‘கண்’ணைக் கழற்றித் துடைத்து மாட்டுவாள். உள்ளே நெருப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னக் கண்ணாடிச் சாதனம் அது. நெருப்பு தெரியவில்லை என்றால் காஸை அடைத்துப் பாய்லரை நிறுத்திவிடும்.

பழைய பாய்லரைத் தூக்கிவிட்டுப் புதியது வைத்த நாளிலிருந்து ஒரு தொல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அது தானாக நின்றது. சூடு போதாமல் கையுறைகள் அரைவேக்காடாகக் குப்பைக்குப் போயின. மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து கண்ணைக் கழற்றிப் பார்ப்பார்கள். கண்ணாடி பளிச்சென்று இருக்கும். வழக்கப்படி ஸ்பிரிட்டால் ஒரு துடை துடைத்து மாட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் அடுத்த வெள்ளி வரை ஒரு குறையும் இராது.

அந்தச் சாயங்கால ஷிப்ட் சுகுமாறனுடையது. பழி அவன் தலையில் விடிந்தது.

சுகுமாறன் கெமாஸ் ஊர்ப் பையன். கல்யாணமான புதிது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேலை போய் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். எந்நேரமும் கையில் போன். அது ஒன்று போதாதா திலகாவுக்கு?

“நான் ஒண்ணுமே தொடல கா. அதுவா நிக்குது” என்று அவளிடம் எத்தனையோ முறை சொன்னான்.

“அதுவா நிக்குமா? பாய்லருக்கு என்ன பேயா புடிச்சிருக்கு?” என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

மேனேஜர் மகேந்திரனிடமும் அவளே போய்ச் சொன்னாள். “பாஸ், புது பேனல்ல ஈவெண்ட் லாக் இருக்கு. எப்ப நின்னுச்சு, எப்ப திறந்தாங்க, எப்ப ரீசெட் அமுக்குனாங்க, எல்லாம் அதுவே பதிஞ்சு வைக்கும். அதப் பாத்தா இவன் வண்டவாளம் தெரிஞ்சிரும்.”

“அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க. திங்கக்கிழமை அவனக் கூப்புடுறேன். தப்பு அவன் மேலன்னா வேலைய விட்டு அனுப்பிர வேண்டியதுதான்” என்றார் மகேந்திரன்.

சனிக்கிழமை காலை, திலகா பேனல் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கள்ளனைப் பிடிக்கப் போகிற உற்சாகம். திரையைப் பின்னோக்கித் தள்ளினாள். சுகுமாறன் ஷிப்டில் ‘நெருப்பு தெரியவில்லை’ என்று பாய்லர் நின்றிருந்தது. அவன் முறைப்படி காத்திருந்துதான் ரீசெட் அமுக்கியிருந்தான். வேறு எதையும் அவன் தொடவில்லை. அது அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இன்னும் பின்னால் போனாள். மத்தியானம் பாய்லரை நிறுத்தும்வரை கண்ணுக்கு நெருப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. திரும்ப ஓட்டிய கணத்திலிருந்தே மங்கல். நடுவில் இருந்தது ஒரே ஒரு பதிவு: பர்னர் மூடி திறப்பு.

திறந்தவள் அவள்தான். முந்தின வெள்ளியைப் பார்த்தாள், அதற்கு முந்தினதையும் பார்த்தாள். எல்லாம் அச்சடித்தாற்போல் அப்படியே இருந்தது.

திலகா இடுப்புத் துணியை எடுத்து முகர்ந்தாள். நல்லெண்ணெய் வாசனை. லைசன்ஸ் வகுப்பில் சொன்னது அப்போதுதான் உறைத்தது: மெல்லிய எண்ணெய்ப் படலம் மனுசக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கண்ணை மறைத்துவிடும். பழைய பாய்லரின் கண் வேறு ரகம், பொறுத்துக்கொண்டது. ஈ வழுக்கியதோ இல்லையோ, பாய்லர் வழுக்கி விழுந்துவிட்டது. வெட்கம் அவள் காதுவரை சுட்டது.

துணியை மாற்றினால் போதும், தொல்லை ஒழிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வராமலில்லை. ஆனால் சுகுமாறன் போன கையோடு பாய்லர் ஒழுங்காக ஓடினால் ஊர் என்ன சொல்லும்? அவன்தான் காரணம் என்பது உறுதியாகிவிடும். அவள் வாயைத் திறக்காமலே அவன் கழுத்தை அறுத்ததாகும்.

திங்கட்கிழமை அவளும் மகேந்திரன் அறைக்குப் போனாள். சுகுமாறன் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திலகா துணியை மேசையில் வைத்தாள்.

“பாஸ், தப்பு இவன் மேல இல்ல. விளக்குப் போட்ட கையத் தொடச்ச துணியிலயே கண்ணத் தொடச்சேன். நான்தான்.”

மகேந்திரன் துணியை முகர்ந்து பார்த்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், “இனிமே மொத வேலை, அப்புறம் சாமி” என்று சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் சுகுமாறன் நன்றி சொல்வான் என்று திலகா எதிர்பார்த்தாள். பெரிய மனசு பண்ணியதாக அவளுக்குள் ஒரு நினைப்பு. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டான்:

“மெஷின் சொன்னதும் நம்பிட்டீங்கள்ள கா? அதையேதானே நானும் அத்தன தடவ சொன்னேன்?”

அவன் மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். திலகா எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி கார் பார்க்கில் நின்றுகொண்டிருந்தாள்.