அண்ணன் படத்துக்கு நான் செய்த மாற்றங்கள்

ஒரு குடும்பத்தில் யார் பெரியவர், யார் வேண்டாதவர் என்பது முதலில் பேனர் கடைக்காரனுக்குத்தான் தெரியும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போல் வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பிழைப்பவர்களே, ஒரே ஆளின் நாலு ஆர்டர்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் பேனர்

தனசேகர் கோட்டை அடிவாரத்தில் தள்ளுவண்டியில் இளநீர் விற்றவன். அண்ணன் ஏழுமலை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற நிலத்தில் பாதியை விற்று அவனைத் தூக்கிவிட்டார். மனை விற்கும் ஆபீஸ் திறக்கும்போது பேனருக்கு என்னிடம் வந்தான். இருவரையும் ஒரே அளவில் வைத்துக் காட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணன் பெருசா இருக்கணும் சார். அவரு இல்லன்னா நான் இன்னிக்கும் இளநி சீவிக்கினு இருப்பேன்."

கோட்டு

அடுத்த சில வருடங்களில் அவனுக்குக் கார் வந்தது, கழுத்துச் சங்கிலி வந்தது, எங்கிருந்தோ ஒரு டாக்டர் பட்டமும் வந்தது. மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனரில் அண்ணன் படம் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதிலும் அவருடைய கசங்கிய சட்டை கூடாதாம், பெரிய மனிதர்கள் வருவார்களாம். கம்ப்யூட்டரிலேயே அவருக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டேன். பேனரை வாங்கிப்போக வந்தவர் ஏழுமலையேதான். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது, என் கழுத்துக்குக் கீழ வேற எவனோ நிக்கறான்?"

அன்னதானம்

மேல்மலையனூர் அமாவாசை அன்னதானத்துக்கு அவன் கொடுத்த படங்களில் அண்ணன் இல்லை. மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நானாகவே பழைய படத்தைச் சேர்த்துவிட்டேன். எரிந்து விழுந்தான். விஷயம் இதுதான். அவன் போடும் புது மனைப் பிரிவுக்கு ஏழுமலையின் மிச்ச நிலம் வழியாகத்தான் ரோடு போக வேண்டும். ரோடு போட்டால் ஏரி வாய்க்கால் தூர்ந்து பத்துப் பேர் வயல் காயும் என்று அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வளர்த்துவிட்ட அண்ணனை ஒருவன் இப்படிப் பேசுவான் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு மூஞ்சிய தூக்கிட்டு, அங்க அம்மன் படத்த போடு சார்."

தேதி இல்லாத பேனர்

போன ஆடியில் ஒரு நாள் காலை, ஷட்டரைத் தூக்குவதற்குள் தனசேகர் வந்து நின்றான். அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, எப்பப்பா?" என்றேன். இன்னும் இல்லையாம். நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம், டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

"தேதிய மட்டும் காலியா உடு சார். சித்தப்பன் எப்படி அழுவறான்னு அவரு பையன் பாக்கணும். அப்பத்தான் மனசு எளகி கையெழுத்து போடுவான்."

வீடு திரும்பியவர்

வேறு கடையைப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடை ஓடுவதே பாதி அவன் ஆர்டரில். டிசைன் செய்து முடித்தேன். பத்து நாளில் ஏழுமலை பிழைத்து, தானே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே தனசேகர் கடைக்கு வந்தான். வெட்கப்பட்டுக்கொண்டு வந்திருப்பான் என்று நினைத்து, அந்த டிசைனை அழித்துவிடுகிறேன் என்றேன். அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

"இன்னாத்துக்கு சார் அவசரம்? நல்லா வந்துகீது, அப்படியே இருக்கட்டும். இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி ஆவும்."

இப்படியும் ஒரு தம்பியா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பதறிக்கொண்டு திரிகிற நான், அந்த டிசைனை இன்னும் அழிக்கவில்லை.