இரண்டாம் முறை கூப்பிடுங்கள்

எங்கள் ராமநாதபுரத்தில் ஒரு முறை கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்புவார்கள். ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில், நான் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பவில்லை. என்ன திமிர் பிடித்த ஜனம் என்று நினைத்தேன். கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் தெருவில் இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் பதில் வரும். காரணத்தை அறைத்தோழி நசீமாதான் சொன்னாள். வேப்பனப்பள்ளிக்காரி, மாம்பழ வியாபாரியின் மகள். வாசலுக்கு ஒன்று வருமாம். நம் மனசுக்கு ரொம்பப் பிடித்தவரின் குரலில் ஒரே ஒரு முறை நம் பெயரைச் சொல்லுமாம். பதில் சொன்னவர்கள் அதன் பின்னால் போய்விடுவார்களாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போது எங்களுக்கு இருபது வயது. ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ். எப்போது காதலானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்கத்தான் யார் இருந்தார்கள்? அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போனார்கள். எப்படியும் திரும்பி வருவேன் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். நாளாக ஆக என் நம்பிக்கை தேய்ந்தது. அவள் மனசில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அறையில் நானும் மற்ற இரண்டு அறைத்தோழிகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் குரல் கேட்டது. சோற்றில் வைத்த கையோடு காத்திருந்தோம். இரண்டாம் குரல் வரவில்லை. ஒருத்திக்குக் கேட்டது அவள் அம்மாவின் குரல். இன்னொருத்திக்கு, செத்துப்போன அண்ணன். உனக்கு யாரு என்றார்கள். அம்மா என்றேன். எனக்குக் கேட்டது நசீமா.

மறுவாரம் அவளே போன் செய்தாள். வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாளாம், பஸ் சூளகிரி தாண்டிவிட்டதாம். சந்தோஷத்தில் துள்ளி எழுந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் அதே குரல், “கவிதா.” வாயைப் பொத்திக்கொண்டேன். போனில் நசீமா சிரித்தாள்.

“போன்ல இருக்கும்போதே எதுக்குடி பேர் சொல்லிக் கூப்பிடற? இதோ, வந்துட்டேன்.”

வாசலுக்கு வந்தது போன் வழியாக அவளையும் கூப்பிட்டிருக்கிறது. என் குரலில். பதில் சொல்லாதே என்று நான் கத்தியபோது பஸ் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அவள் மனசில் இருந்தது நான்தான் என்று அப்படித்தான் எனக்கு உறுதியானது.

பஸ் வந்தது. அந்தப் பெண் ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விட்டாள் என்றார் கண்டக்டர். அவளை இன்னும் தேடுகிறார்கள்.

அம்மா ஊருக்கே வந்துவிடச் சொல்கிறாள். கடலும் மீன் குழம்பும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. ஆனாலும் இந்த வாசலை விட்டுப் போக முடியவில்லை. அது மறுபடி வந்தால் நசீமாவின் குரலில்தானே வரும்.